கார் இன்சூரன்ஸ் செலவைக் குறைக்கப்போய் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்

உங்கள் பாலிசித் தாளை ஒரு தடவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் விவரம் இரண்டு பகுதியாக இருக்கும்: ஓன் டேமேஜ் (நம் காருக்கு ஆகும் சேதத்துக்கு), தேர்ட் பார்ட்டி (நம் காரால் மற்றவர்களுக்கு ஆகும் பாதிப்புக்கு). தேர்ட் பார்ட்டிக்காக ஏஜென்ட்டிடம் பேரம் பேசிப் பயனில்லை. அது அரசு நிர்ணயிக்கும் கட்டணம். 2022 ஜூனில் வந்த அறிவிப்பின்படி 1000 சிசி வரை ஆண்டுக்கு ரூ.2,094, 1500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதேதான். மிச்சம் பிடிக்க இடம் இருப்பது ஓன் டேமேஜில்தான். அங்கேயும் எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்று தெரியாமல்தான் பலர் நஷ்டப்படுகிறார்கள்.

நான் செய்த தவறையே முதலில் சொல்கிறேன். அபார்ட்மென்ட் பார்க்கிங் தூணில் உரசி பின்பக்க பம்பர் கிழிந்துவிட்டது. பம்பர் 3,500, பெயின்ட் 2,500, ஆக 6,000 ரூபாய். "கிளெய்ம் போட்டுக்கலாம் சார், எதுக்கு கையிலிருந்து கட்டணும்?" என்றார் சர்வீஸ் சென்டரில் இருந்தவர். சரி என்று கையெழுத்துப் போட்டேன். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதன் விலையில் பாதி தேய்மானத்தில் போயிற்று. கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 தனி. பெயின்டிலும் கொஞ்சம் பிடித்தார்கள். கைக்கு வந்தது மூவாயிரத்துக்கும் குறைவு.

அதற்குக் கொடுத்த விலை, ஐந்து வருடமாகச் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாததற்காக ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் இது 20, 25, 35, 45, 50 என ஏறும். ஒரே கிளெய்மில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். கணக்குக்கு ஓன் டேமேஜ் 10,000 ரூபாய் என்று வையுங்கள். 5,000 கட்டியிருக்க வேண்டியவர் அடுத்த ரினியூவலில் முழு 10,000 கட்டுவார். அப்புறம் 8,000, 7,500, 6,500, 5,500 என்று இறங்கி, ஆறாவது வருடம்தான் பழைய 5,000-க்குத் திரும்புவார். கூடுதலாகக் கட்டியது மொத்தம் 12,500. ஜிஎஸ்டி தனி. ஆகவே சின்னச் சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் பக்கமே போகாதீர்கள். நம் ஊர் டிங்கரிங் கடையில் ஒரு விலை கேட்டுவிட்டு, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறு, சென்னையில் இருந்துகொண்டு இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவரை வேண்டாம் என்பது. 2015 டிசம்பரையும் 2023-இல் மிக்ஜாம் வந்த நாட்களையும் மறந்துவிட முடியுமா? மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் ஏறி நிற்கின்றன. வெள்ளத்தில் கார் மூழ்கினால் ஓன் டேமேஜ், தேர்ட் பார்ட்டி இரண்டும் சேர்ந்த சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியே சேதத்துக்குப் பணம் தரும். ஆனால் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, இன்ஜினுக்குள் தண்ணீர் போய் அது உடைந்தால், "பின்விளைவுச் சேதம்" என்று சொல்லி மறுத்துவிடுவார்கள். அதற்குத்தான் இந்தக் கவர். மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் இருப்பவர்கள் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம். கவர் இருந்தாலும் தண்ணீரில் நின்ற காரில் சாவியைத் திருகாதீர்கள். டோ செய்து எடுத்துப் போங்கள்.

ஐடிவியை, அதாவது பாலிசியில் காருக்குக் குறிக்கும் மதிப்பை, குறைத்துக் காட்டி பிரீமியத்தை இறக்குவது இன்னொரு வழக்கம். கார் திருடுபோனாலோ முழுச் சேதமானாலோ அந்தத் தொகையை வைத்துத்தான் பணம் தருவார்கள். சில நூறு ரூபாய்க்காக லட்சக்கணக்கில் விட்டுக்கொடுப்பது வேண்டாத வேலை.

வீட்டில் ஸ்கூட்டரும் காரும் ஒரே பெயரில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்து கவர் ஒருவருக்கு ஒன்று போதும். ஏற்கெனவே இருப்பதைச் சொன்னால் இரண்டாவது பாலிசியில் அதை எடுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் வருடா வருடம் இரண்டு தடவை கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஷோரூமில் கொடுக்கும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. வெளியே இரண்டு மூன்று இடத்தில், அதே ஐடிவி, அதே ஆட்-ஆன்களுடன் (கூடுதல் கவர்களுடன்) விலை கேளுங்கள். ஐடிவி வேறு வேறாக இருந்தால் அந்த ஒப்பீட்டில் அர்த்தமில்லை.

ரினியூவல் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். முடிந்து 90 நாள் கடந்தால் சேர்த்த போனஸ் முழுதும் போய்விடும். ஒரு நாள் தள்ளினால்கூட அன்றைக்கு நடக்கும் விபத்துக்குப் பாதுகாப்பு இல்லை. போலீஸ் பிடித்தால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் வேறு.

காரை விற்கும்போதும் பலர் கோட்டைவிடுகிறார்கள். போனஸ் காருக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. விற்ற கையோடு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டு நோ கிளெய்ம் போனஸ் (என்சிபி) சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால், மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அதே தள்ளுபடி கிடைக்கும். பழைய கார் வாங்குபவர்கள் 14 நாளுக்குள் பாலிசியைத் தங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். ஆர்சி மட்டும் உங்கள் பெயரில், பாலிசி பழைய உரிமையாளர் பெயரில் என்று இருந்தால், உங்கள் காருக்கு ஆகும் சேதத்துக்குக் கிளெய்ம் கேட்கவே முடியாது.