சிறுவர் உதைபந்தாட்ட லீக்: புதிய பயிற்றுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் 14 வயதிற்குட்பட்டோரின் ஆட்டங்களைப் பார்க்கும்போது, புதிதாகப் பயிற்றுவிக்க வந்தவர்கள் எங்கள் காலத்துப் பிழைகளையே ஒன்றுவிடாமல் திரும்பச் செய்வது தெரிகிறது. தண்ணீர்ப் போத்தலை மறப்பது போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

லீக்கை விலகல் முறைப் போட்டியாக எண்ணுதல்

நம்மவர்களுள் பெரும்பாலானோர் ஒரு வார இறுதிக்குள் தொடங்கி முடியும் விலகல் முறைச் சுற்றுகளில் ஆடி வளர்ந்தவர்கள். தோற்றால் வீடு என்ற நிலையில் எப்போதும் சிறந்த பதினொருவரையே இறக்குவதில் நியாயம் உண்டு. லீக்கிலோ எட்டு அணிகள் ஒருமுறை மோதினாலே ஓர் அணிக்கு 7 ஆட்டங்கள் வருகின்றன. முதல் வாரம் வாங்கில் இருந்த பிள்ளை ஆறாம் வாரம் கட்டாயம் தேவைப்படுவான்.

இப்பருவத்தில் ஓர் அணியின் முன்கள வீரன் குதிக்காலை நிலத்தில் ஊன்றாமல் முன்பாதத்தாலேயே நொண்டி ஓடினான். "சாட்டுச் சொல்லாதே, ஓடு" என்று பயிற்றுநர் கோட்டோரம் நின்று கத்தினார். அணி நான்கு கோல்கள் முன்னிலையில் இருந்தும், வாங்கில் நால்வர் மேற்சட்டையைக் கூடக் கழற்றாமல் அமர்ந்திருந்தார்கள். வளரும் வயதில் குதிக்கால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் முழுமையாக இறுகாததால், கெண்டைக்காலின் தசைநார் அதை ஓயாமல் இழுக்க இழுக்க வலி உண்டாகிறது. ஓய்வு கொடுத்தால் தணியும் அந்த வலியைச் சோம்பல் என்று எண்ணுவது அறியாமை. கடைசி இரண்டு ஆட்டங்களில் அவனால் இறங்கவே முடியவில்லை. அவனிடத்திற்கு வந்த பிள்ளையோ, அதுவரை ஒரு நிமிடமும் ஆடாமல், பட்டியலில் முன்னணியில் நின்ற அணியை எதிர்கொள்ள நேர்ந்தது.

மாற்றப்பட்டவர் மீண்டும் களமிறங்கச் சிறுவர் ஆட்டங்களில் அனுமதி வழங்கலாம் என்று ஆட்ட விதிகளே இடம் தந்திருக்கும்போது, அதை ஏற்பாட்டாளரிடம் பருவம் தொடங்குமுன் கேட்டறியக்கூடச் சிலர் முயலாததுதான் எனக்கு இன்னும் எரிச்சலூட்டுகிறது.

சமநிலையில் திருப்தியடைதல்

வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1. ஏழு ஆட்டங்களையும் சமன் செய்த அணி 7 புள்ளிகளோடு நிற்க, மூன்றில் வென்று நான்கில் தோற்ற அணி 9 புள்ளிகளோடு அதைத் தாண்டிவிடும். பெனால்டி உதைகளில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது.

கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் பயிற்சி

காலை ஆறரைக்கு வையுங்கள்.

தலையில் அடிபட்டவனை அன்றே மீண்டும் இறக்குதல்

கூடவே கூடாது. அவன் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் பெற்றோரிடம் ஒப்படைத்து, வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.

வயதுச் சான்றைக் கடைசி நாளுக்கு விடுதல்

பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறப் பெற்றோருக்கு ஒரு வேலை நாள் வீணாகலாம்; அதனால் பெயர்ப் பட்டியல் எழுதும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள்.