பழைய காருக்குக் காயில் வயர் மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

சித்திரை வைகாசியில் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பானட்டுக்குள் அதைவிட இன்னும் அதிகச் சூடு. ஓடும்போதாவது ஃபேன் காற்று இருக்கிறது. வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்ததும், கொஞ்ச நேரத்துக்கு உள்ளே சூடு இன்னும் ஏறும். இப்படி இருபது முப்பது வருடம் வெந்த காயில் வயரை (பேட்டரி வோல்ட்டைப் பிளக்கில் பொறி தாவும் அளவுக்கு உயர்த்தும் டப்பாதான் காயில்) லேசாக வளைத்தால் மேலுறை அப்பளம் மாதிரி நொறுங்கும். உள்ளே செம்பு கறுத்துப்போயிருக்கும். அம்பாசடர், பத்மினி, பாயிண்ட் (காயில் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த எந்தப் பழைய பெட்ரோல் வண்டியானாலும் இதே கதைதான். வண்டி மிஸ் அடிக்கும், சூட்டில் நிற்கும், ஆறினால் கிளம்பும். உடனே "காயில் போச்சு" என்று புதுக் காயில் வாங்கி மாட்டுவார்கள். ஒரு வாரத்தில் அதே தொல்லை திரும்பி வரும்.

முதல் தவறு அளந்து பார்க்காமல் கத்தியை எடுப்பது. டெஸ்ட் லாம்ப் எரிந்தால் வயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இருபது இழையில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அந்தச் சின்ன பல்பு பளிச்சென்று எரியும். காயிலுக்கோ 4 ஆம்பியர் வரை வேண்டும். அந்த ஒற்றை இழையால் அதைக் கொடுக்க முடியாது. அதனால் கரண்ட் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். சாவியை ஆன் செய்து, பாயிண்ட் மூடிய நிலையில் வைத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையைக் காயிலின் பாசிட்டிவிலும் வையுங்கள். பாலாஸ்ட் (காயிலுக்கு முன்னால் வைக்கும் தடை) இல்லாத வண்டியில் அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால் வழியில் எங்கோ வோல்ட் வீணாகிறது. அடுத்து காயில் நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அளங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பாயிண்டோ, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பாயிண்டை உள்ளே வைத்து, பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) போகும் வயரோ, எர்த்தோ கெட்டிருக்கிறது. அளந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். 3 ஓம் காயிலில் 12 வோல்ட் நின்றால் 48 வாட் சூடு அந்தச் சின்ன டப்பாவுக்குள்ளேயே இறங்குகிறது. வண்டி ஓடாமல் சாவி ஆனில் கிடந்து வெந்துபோன காயில்கள் ஏராளம்.

அரை வோல்ட் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் மீட்டருக்குச் சுமார் 12 மில்லி ஓம் தடை. மூன்று மீட்டர் வயரில் 4 ஆம்பியர் ஓடினால் 0.15 வோல்ட்தான் குறையும். அதற்குமேல் குறைவதெல்லாம் திம்பிள் (வயர் முனையில் மாட்டும் உலோகக் கொண்டி), சுவிட்ச், ஜாயிண்ட் ஆகியவற்றின் வேலை. காயிலில் சேரும் ஆற்றல் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 12 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 10 கிடைத்தால் தீப்பொறியின் பலம் சுமார் 30 விழுக்காடு போய்விடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியே இறங்கி நிற்கும். அதோடு இந்த இழப்பும் சேர்ந்தால், காலையில் ஏன் வண்டி பிடிக்கவில்லை என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது தவறு கொஞ்சம் சூட்சுமமானது. நன்றாக வேலை தெரிந்தவர்களே இதில் மாட்டிக்கொள்கிறார்கள். சில வண்டிகளில் காயிலுக்கு முன்னால் பாலாஸ்ட் என்ற தடை இருக்கும். அது வெள்ளைப் பீங்கான் கட்டையாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். சிலவற்றில் அது ஹார்னஸ் என்ற வயர் கட்டுக்குள்ளேயே ஓடும் தடை வயர். பார்க்கச் சாதாரண வயர் மாதிரியே இருக்கும். அந்த வண்டியில் காயில் பாசிட்டிவில் 6, 7 வோல்ட்தான் வரும், வர வேண்டியதும் அவ்வளவுதான். "வோல்ட் குறையுது" என்று நினைத்து அதைக் கழற்றிவிட்டு நல்ல செம்பு வயர் போட்டால், 1.5 ஓம் காயிலுக்குள் நேராக 12 வோல்ட் பாய்ந்து 8 ஆம்பியர் ஓடும். காயில் கொதிக்கும், பாயிண்ட் கருகும். வயரை வெட்டுவதற்கு முன் காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே ஓம் அளங்கள். 3 ஓம் பக்கம் வந்தால் பாலாஸ்ட் தேவையில்லாத காயில். 1.5 வந்தால் பாலாஸ்ட் எங்கே என்று தேடிப் பிடித்த பிறகுதான் மற்ற வேலை.

கட்டர் பிடிப்பதற்கு முன் பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் லைனில் ஃபியூஸே கிடையாது. உரித்த முனை பாடியில் ஒரு தடவை உரசினால் போதும், டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹார்னஸ் முழுக்க வெந்துவிடும்.

வயர் வாங்கும் இடத்திலும் தவறு நடக்கிறது. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் வீட்டு வயரிங் வயரை வாங்கி மாட்டுவது சகஜம். செம்பு என்னவோ நல்ல செம்புதான். மேலுறைதான் 70 டிகிரிக்குத் தயாரித்தது. எஞ்சின் பக்கத்தில் எண்ணெயும் சூடும் பட்டால் இரண்டு கோடையில் அது கல்லாகிவிடும். பழைய ஒற்றைக் கம்பி வயர் இன்னும் மோசம், அதிர்விலேயே ஒடிந்துபோகும். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் 105 டிகிரி தாங்கும், மெல்லிய இழைகள் நிறைந்த வயர் என்று கேட்டு வாங்குங்கள். காயில் லைனுக்கு 1.5 சதுர மி.மீ. தாராளமாகப் போதும். நிறத்தையும் பழையபடியே வையுங்கள். அம்பாசடர் மாதிரி பிரிட்டிஷ் வழி வயரிங்கில் சாவியிலிருந்து வருவது வெள்ளை, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது வெள்ளையில் கறுப்புக் கோடு. கையில் கிடைத்த சிவப்பை எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டால், ஐந்து வருடம் கழித்து ராத்திரியில் ரோட்டோரம் டார்ச் பிடித்துத் தேடுபவர் உங்களைத்தான் திட்டுவார். அது நீங்களாகவே இருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஜாயிண்ட் விஷயத்தில் பேச்சே வேண்டாம். முறுக்கி டேப் சுற்றும் வேலை இந்த ஊர் வெயிலுக்கு ஆகாது. டேப்பின் பசை உருகி வழிந்து, ஒரு கோடை முடிவதற்குள் அவிழ்ந்து தொங்கும். திம்பிளைக் கட்டிங் பிளேயரால் நசுக்குவதும் பிடிமானமே இல்லை, கிரிம்பிங் டூல் வேண்டும். வெறும் ஈயம் வைத்து ஒட்டினால், ஈயம் இழைகளுக்குள் ஏறி வயர் அந்த இடத்தில் விறைத்துவிடும். விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வில் ஒடியும். கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் மாட்டி, ஜாயிண்டுக்கு இரண்டு விரல் தள்ளி வயரை ஒரு கிளிப்பில் பிடித்துவையுங்கள். பழைய வயரோடு சேர்ப்பதாக இருந்தால் செம்பு பளபளவென்று தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செம்பில் எந்த திம்பிளும் நிற்காது. ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கும் தகரச் சுவர்) ஓட்டையில் ரப்பர் புஷ் இல்லாமல் வயரைத் தகரத்தில் உரச விடாதீர்கள்.

இப்போது எல்லோரும் விட்டுவிடும் இடத்துக்கு வருவோம். பட்டறையில் டெல்கோ என்று சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், வெளியே இருக்கும் முனையிலிருந்து பாயிண்டுக்குப் போகும் ஒரு குட்டி வயர் தெரியும். விரல் நீளம்கூட இருக்காது. எஞ்சினின் உறிஞ்சலால் பொறி நேரத்தை முன்னே தள்ளும் வேக்கம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் பாயிண்ட் பிளேட் நகரும், அதோடு அந்த வயரும் ஆயிரக்கணக்கான தடவை மடங்கி நிமிரும். மேலுறை முழுசாக இருக்கும், உள்ளே இழைகள் அறுந்திருக்கும். ஐடிலில் வண்டி அருமையாக ஓடும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஜெர்க் அடிக்கும். வெளியே எத்தனை புது வயர் போட்டாலும் இது தீராது. கண்டுபிடிக்கும் வழி எளிது. காயில் நெகட்டிவிலிருந்து வயரைக் கழற்றி, அதன் முனைக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஓம் மீட்டர் வையுங்கள், பாயிண்ட் மூடியிருக்கட்டும். வேக்கம் குழாயின் மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுங்கள், பிளேட் திரும்பும். முள் மீட்டராக இருந்தால் நல்லது. முள் துளி ஆடினாலும் அந்தக் குட்டி வயரோ, பிளேட்டை எர்த் செய்யும் இன்னொரு பின்னல் வயரோ போய்விட்டது. மாற்றும்போது சாதாரண வயரைப் போடாதீர்கள். விறைத்த வயர் பிளேட்டை நகரவிடாது, பிக்கப் செத்துப்போகும், வயரும் சீக்கிரம் ஒடியும். இதற்கென்றே மிக மெல்லிய இழைகளால் ஆன, துணி போல வளையும் வயர் உண்டு.

அங்கேயே இன்னொரு கண்ணி. பாயிண்ட் ஸ்பிரிங் உட்காரும் முளையில் இன்சுலேஷன் புஷ் இருக்கும். குட்டி வயரின் திம்பிளும், பாயிண்டைக் கருகாமல் காக்கும் கண்டன்சரின் திம்பிளும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், முளையையோ நட்டையோ தொடக்கூடாது. புஷ்ஷை மாற்றி மாட்டினால் காயில் நெகட்டிவ் நிரந்தரமாக எர்த் ஆகிவிடும். ஸ்பார்க் சுத்தமாக வராது, காயில் கையை வைக்க முடியாதபடி சுடும். கழற்றும் முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் தப்பிக்கலாம். மாட்டி முடித்ததும் பாயிண்ட் இடைவெளியைச் சரிபாருங்கள், அம்பாசடருக்கு 0.35 முதல் 0.40 மி.மீ.

கண்டன்சரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரேடியோ வைத்த பழைய வண்டிகளில் காயில் பாசிட்டிவில் ஒரு கண்டன்சர் தொங்கும், அது இரைச்சலை அடக்க. பாயிண்டுக்கு உரியது டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம். வயர் மாற்றும் அவசரத்தில் ரேடியோ கண்டன்சரை நெகட்டிவில் மாட்டினால் ஸ்பார்க் பலவீனமாகும். பாயிண்ட் கண்டன்சரைப் பாசிட்டிவுக்குக் கொண்டுபோனால் பாயிண்டைக் காப்பாற்ற ஆள் இல்லை, சீக்கிரமே கருகும்.

பாசிட்டிவும் நெகட்டிவும் மாறினாலும் வண்டி ஓடும். அதுதான் வம்பு. பிளக்கின் நடு முனைக்கு நெகட்டிவ் மின்சாரம் போனால் எளிதில் பொறி தாவும், திருப்பிக் கொடுத்தால் கூடுதல் வோல்ட் கேட்கும். காயிலோ பிளக்கோ பழசாகும்போது முதலில் இந்த வண்டிதான் மிஸ் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் பாடியோடு சேர்ந்த நெகட்டிவ் எர்த் வண்டியில் சாவி வயர் பாசிட்டிவுக்கு, டிஸ்ட்ரிபியூட்டர் வயர் நெகட்டிவுக்கு. பிளஸ் மைனஸுக்குப் பதில் எஸ்.டபிள்யூ. (சுவிட்ச்), சி.பி. (பாயிண்ட்) என்று பொறித்த பழைய காயில்கள் பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த் காலத்தவை. அவற்றை நெகட்டிவ் எர்த் வண்டியில் போட்டால் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும்.

காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்குப் போகும் தடித்த வயர் இரண்டு வகை. உள்ளே செம்பு, அல்லது கார்பன் நார். கார்பன் வகையை வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றினால் நார் உள்ளேயே அறுந்துவிடும், ரப்பர் பூட்டைப் பிடித்துத் திருகி எடுங்கள். செம்பு வயருக்கான திருகாணி ஊசியைக் கார்பன் வயரில் குத்தவும் கூடாது. ஒரு அடி நீளக் கார்பன் வயருக்குச் சில ஆயிரம் ஓம் வரலாம், 30, 40 ஆயிரம் காட்டினால் தூக்கிப் போடுங்கள். இதைச் சின்ன வயர்களோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க இந்த வயரைக் கழற்றிச் சும்மா தொங்கவிட்டு எஞ்சினைச் சுற்றுவதும் கூடாது. தாவ இடம் கிடைக்காத மின்சாரம் காயிலின் உள் இன்சுலேஷனைத் துளைக்கும். இன்சுலேஷன் உள்ள பிடியால் பிடித்து, பிளாக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளி வையுங்கள், நீலப் பொறி டப்டப்பென்று அடிக்க வேண்டும்.

பாட்டுப் பெட்டி, கூடுதல் ஃபேன், மொபைல் சார்ஜர் எதற்கும் காயில் பாசிட்டிவிலிருந்து லைன் எடுக்காதீர்கள்.

எல்லாம் முடிந்தபின் பானட்டுக்குள் வெளிச்சம் படாத இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, தடித்த வயர்கள் மேல் ஸ்பிரேயரால் தண்ணீரைப் பனி மாதிரி தெளியுங்கள். நீலக் கீற்று ஓடினால் அங்கே கசிவு. பிறகு நல்ல வெயிலில் பள்ளிகொண்டா பக்கம் போய்த் திரும்புங்கள். ஏலகிரி ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவும் சேர்த்துச் சோதித்துவிடும். சூட்டில் வண்டி நின்றால் "பெட்ரோல் ஆவியாகுது" என்று பம்ப் மேல் ஈரத்துணி போடும் முன், அந்த நிமிடமே காயிலில் வோல்ட் பாருங்கள். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். நிற்காமல் திரும்பி வந்தாலும், சூடு ஆறும் முன் முதலில் எடுத்த இரண்டு அளவையும் மறுபடி எடுத்து, காயில் முனை நட்டுகளை இன்னொரு கால் திருப்பு இறுகுகிறதா என்று பாருங்கள். புது திம்பிள் முதல் சூட்டில் கொஞ்சம் தளரும்.