பாக்காவ் இலைக்குள் மருந்து தேடுவது எப்படி

பினாங்கில் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் 14 வருடமாக உதவியாளராக வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டு மாணவர்கள் நாலைந்து பேர் எங்களிடம் வந்து சேருவார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளைகள் என்றால் வேலையைத் தமிழிலேயே சொல்லிக் கொடுப்பேன். அப்படிச் சொல்லிப் பழகியதைத்தான், பாக்காவ் என்கிற அலையாத்தி மரத்தின் இலைக்குள் வாழும் பூஞ்சையில் மருந்து தேடும் வேலையைத்தான், இங்கே எழுதுகிறேன்.

செடிகளின் இலை, தண்டு, வேர் இவற்றுக்குள் ஒரு நோயும் உண்டாக்காமல் குடியிருக்கும் பூஞ்சைகள் உண்டு. எண்டோஃபைட் என்பார்கள், நான் உள்வாழ் பூஞ்சை என்பேன். கடலிலும் மரக்கட்டை, பாசி, கடற்பஞ்சு என்று பிடிமானம் கிடைத்த இடத்தில் பூஞ்சை வளர்கிறது. பக்கத்தில் இருக்கும் பாக்டீரியாவோடும் மற்ற பூஞ்சைகளோடும் இடத்துக்குப் போட்டி போட அவை பலவிதமான இரசாயனங்களைச் சுரக்கின்றன. அதில் ஒன்றிரண்டு நமக்கு மருந்தாக வாய்ப்பு உண்டு. கிளினிக்கில் தொண்டைப்புண்ணுக்குக் கொடுக்கும் செஃபலெக்சின், செஃபுரோக்சிம் மாத்திரைகளின் வழி இதுதான். 1945இல் இத்தாலியின் சார்டினியா தீவில், காலியாரி நகரத்துக் கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்திலிருந்து ஜியுசெப்பே புரோட்சு ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். அது பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது. அங்கே அதிலிருந்து கிடைத்ததுதான் செஃபலோஸ்போரின் சி.

காட்டுக்குக் கிளம்பும் முன்னால் அனுமதி வாங்குங்கள். மலேசியாவில் உயிரியல் வளங்களை எடுப்பதற்கும் அதன் பலனைப் பகிர்வதற்கும் 2017இல் ஒரு சட்டம் வந்தது, சட்டம் 795. 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆராய்ச்சிக்கு ஓர் இலையைப் பறித்தாலும் அது பொருந்தும் என்று நினைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். தாளைத் தயார் செய்ய மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் மாணவர்கள் வந்த முதல் வாரமே விண்ணப்பத்தை எழுத வைத்துவிடுவேன்.

நாங்கள் போவது தீவின் மேற்குப் பக்கம், பாலிக் பூலாவ் தாண்டி இருக்கும் அலையாத்திக் காடுகளுக்கு. இங்கே எல்லோரும் பாக்காவ் என்றுதான் சொல்வோம். ஊன்றுகால் போல வேர் விட்டு நிற்கும் ரைசோஃபோராவின் இலை தடிப்பாக, மெழுகு பூசியது மாதிரி இருக்கும். உப்பு, வெயில், மூச்சு விடாத சேறு, தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும் ஓதம், இத்தனையையும் தாங்கும் மரத்துக்குள் இருக்கும் பூஞ்சையும் சாதாரணமானதாக இருக்காது என்பதுதான் கணக்கு. வீட்டு வாசல் செடியிலும் உள்வாழ் பூஞ்சை கிடைக்கும். ஆனால் கஷ்டமான இடத்தில் வாழும் மரம், பாட்டி வைத்தியத்தில் பேர் பெற்ற மரம் என்று தேர்ந்தெடுத்துப் போனால் உழைப்புக்குப் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஓத அட்டவணையைப் பார்த்து, தண்ணீர் வற்றும் நேரத்தில் போங்கள். ஒரு மரத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. மலாய்க்காரர்கள் பூத்தா-பூத்தா என்பார்கள், பூத்தா என்றால் குருடு. நம் தில்லை மரம்தான் அது, சிதம்பரத்தின் தலமரம். கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அந்த மரத்திலிருந்து எடுக்க வேண்டுமானால் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

இலை நோய் இல்லாமல், புள்ளி விழாமல் இருக்க வேண்டும். ஒரு மரத்துக்கு ஐந்தாறு இலை போதும். காகித உறையில் போட்டு, மரத்தின் எண், தேதி, இடம் எழுதி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். முடிந்தால் அன்றைக்கே, தவறினால் 24 மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். நேரம் போகப் போக இலை சாகும், சாகிற இலைக்குள் வெளிப் பூஞ்சை நுழையும்.

இனி சொல்லப்போவதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். இலையின் மேல்தோலில் காற்றிலிருந்து விழுந்த வித்துகள் ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கும். அவற்றைக் கொல்ல வேண்டும், உள்ளே இருப்பதைக் கொல்லக் கூடாது. முதலில் குழாய்த் தண்ணீரில் சேறு போக அலசுங்கள். வடிகட்டிய காற்று வீசும் லேமினார் பெட்டிக்குள் 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம். பிறகு குளோராக்ஸ். கடையில் விற்பதில் ஏறக்குறைய 5 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கும், அதைச் சரிபாதி தண்ணீர் கலந்து இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். பாக்காவ் மாதிரி தடித்த இலைக்கு மூன்று நிமிடம், மெல்லிய இலைக்கு ஒரு நிமிடமே அதிகம். மறுபடி எத்தனாலில் 30 விநாடி. கடைசியில் கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று முறை அலசல்.

அலசி முடித்த இலையை உடனே வெட்டாதீர்கள். அதன் இரண்டு பக்கத்தையும், பூஞ்சை வளர்க்கும் அகார் கூழ் ஊற்றிய ஒரு வெறும் தட்டில் மெதுவாக அழுத்தி எடுங்கள். அந்தத் தட்டையும் மற்றவற்றோடு சேர்த்து வைத்துவிடுங்கள். கடைசியாக அலசிய தண்ணீரிலும் ஒரு துளியை இன்னொரு தட்டில் விடுங்கள். இந்த இரண்டு தட்டிலும் எதுவும் முளைக்கவில்லை என்றால்தான் மற்றத் தட்டில் முளைத்தது இலைக்குள்ளிருந்து வந்தது என்று சொல்ல முடியும்.

இப்போது இலையை 5 மி.மீ. சதுரத் துண்டுகளாக வெட்டி, தட்டுக்கு நாலு துண்டு வையுங்கள். வெட்டு வாய் அகாரில் பட வேண்டும். வளர்ப்பு ஊடகமாக உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் போதும், பாக்காவ் இலைக்குப் பாதிக் கடல்நீர் கலந்து காய்ச்சுவேன். பாக்டீரியா வராமலிருக்க லிட்டருக்கு 100 மி.கி. குளோரம்ஃபெனிகால். 25இலிருந்து 28 டிகிரி வரை வெப்பம் போதும்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ வெட்டு வாயில் பாருங்கள். நுனி விரலில் ஒட்டிய பஞ்சு அளவுக்கு ஒரு வெள்ளை இழை எட்டிப் பார்க்கும். சில துண்டில் இலையின் நடுநரம்பு இருந்த இடத்திலிருந்து மட்டும் வரும். போன வருடம் ஒரு தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

“அக்கா, வந்துடுச்சு!”

“எங்கிருந்து வந்தது? இலையிலிருந்தா, காற்றிலிருந்தா?”

“இலையிலிருந்துதான் அக்கா.”

“அழுத்தி எடுத்த தட்டை எடுத்துட்டு வாம்மா.”

அந்தத் தட்டில் பச்சையாக ஒரு பெனிசிலியம் வட்டமாகப் படர்ந்திருந்தது. எட்டுத் தட்டையும் நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டுவிட்டு, அடுத்த வாரம் மறுபடி பாலிக் பூலாவ் போனோம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அந்தத் தட்டைப் பார்க்காமல் மேலே போயிருந்தால் ஆறு மாத உழைப்பு வீணாகியிருக்கும்.

எல்லாத் துண்டையும் மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். முதலில் வருவது வேகமாக வளரும் சாதாரண இனங்கள். அபூர்வமானவை பெரும்பாலும் மெதுவாக வரும், அவசரக்காரர்களுக்கு அவை கிடைப்பதில்லை. இழையின் நுனியை மட்டும் வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்றி, ஒரே பூஞ்சையாகச் சுத்தம் செய்யுங்கள். சுத்தமான அந்த வாரமே 15, 20 சதவீத கிளிசராலில் போட்டு மைனஸ் 80இல் பத்திரப்படுத்திவிடுங்கள். தட்டு மாற்றி மாற்றி வளர்த்தால் சில பூஞ்சைகள் தாங்கள் சுரந்ததைச் சுரக்க மறந்துவிடும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பாக்காவ் வேர்ப் பூஞ்சை ஒன்பதாவது மாற்றத்தில் அப்படி ஊமையாகிப் போனது. ஆரம்ப நாளில் உறைய வைத்த குப்பி ஒன்றுகூட இல்லை. அந்த இழப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

கடல் பூஞ்சை வேண்டுமானால் தெலுக் பகாங் பக்கம் கரையொதுங்கிய மரத்துண்டைக் கொண்டு வந்து, ஈரத் தாள் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வாரக்கணக்கில் வையுங்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் கட்டையின் மேல் கறுப்புக் கடுகு போல வித்துப்பைகள் தெரியும். அலை நுரையிலும் கடல் பூஞ்சை வித்துகள் சேர்கின்றன. வித்தின் ஓரத்தில் இழை மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் உறுப்பு, மிதப்பதற்கும் ஒட்டுவதற்கும் வசதி. இவற்றுக்கு ஊடகத்தில் கடல்நீர் கட்டாயம்.

இனம் கண்டுபிடிக்க ஐ.டி.எஸ். என்ற மரபணுப் பகுதியை வரிசைப்படுத்தினால் பேரினம் வரைக்கும் தெரியும், அதற்கு மேல் வேறு பகுதிகளும் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து, பூஞ்சையை வளர்த்துச் சுரக்க வைக்க அரிசி. கோனிக்கல் ஃபிளாஸ்கில் 100 கிராம் அரிசி, 100 மி.லி. தண்ணீர், 121 டிகிரியில் ஆட்டோகிளேவ். ஆறிய பிறகு பூஞ்சைத் துண்டுகளைப் போட்டு மூன்று, நாலு வாரம் வையுங்கள். அரிசி நிறம் மாறும், சிவக்கும், மஞ்சளாகும், சில நேரம் மண்வாசனை அடிக்கும். ஒரே பூஞ்சையை அரிசியிலும், திரவ ஊடகத்திலும், உப்போடும் உப்பில்லாமலும் வளர்த்துப் பாருங்கள். ஊடகம் மாறினால் சுரப்பும் மாறும். தூங்கும் மரபணுக்களை எழுப்ப இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. இந்த ஊடகம் எதிலும் குளோரம்ஃபெனிகால் சேர்க்காதீர்கள். பிறகு சாறெடுக்க ஊற்றும் எத்தில் அசிட்டேட்டில் அதுவும் கரைந்து வந்து, நீங்கள் தேடும் மருந்து மாதிரி நடிக்கும்.

இதோடு பூஞ்சை போடாத வெறும் அரிசி ஃபிளாஸ்க் ஒன்றும் கூடவே வைக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஐந்தாவது வருடம், பாக்காவ் இலைப் பூஞ்சை ஒன்றின் சாற்றைக் காகித வில்லையில் விட்டு, ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளரும் தட்டில் வைத்தேன், பாக்டீரியா வளராத 10 மி.மீ. வளையம் வந்தது. வில்லையே 6 மி.மீ., அப்படியும் வளையம் தெளிவாகத் தெரிந்தது. மூன்று வாரம் அதன் பின்னாலேயே ஓடினேன், சிலிக்கா நெடுங்குழாயில் பிரித்தேன், எடை பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் வெறும் அரிசிச் சாற்றை வில்லையில் போட்டேன். அதே வளையம். அரிசியில் இருக்கும் லினோலெயிக் அமிலம் போன்ற கொழுப்பமிலங்கள் இந்த வகை பாக்டீரியாவைத் தடுக்கும் என்பதை அப்புறம்தான் படித்தேன். அன்றிலிருந்து சாறெடுத்ததும் 90 சதவீத மெத்தனாலில் கரைத்து, ஹெக்சேனோடு குலுக்கிக் கொழுப்பைப் பிரித்துவிடுவேன். வெறும் அரிசிச் சாறு இல்லாத தட்டை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை.

சாறெடுப்பது சுலபம். எத்தில் அசிட்டேட் ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டு வடிகட்டுங்கள், இரண்டு மூன்று முறை செய்யுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனை அடிக்கும். புகைக்கூண்டுக்குள் மட்டுமே செய்ய வேண்டும். சுழல் ஆவியாக்கியில் 40 டிகிரியில் வற்றவைத்தால் தேன் பதத்தில் பிசின் நிற்கும்.

சோதனையின்போது வெறும் கரைப்பானுக்கு ஒரு வில்லை, தெரிந்த மருந்துக்கு ஒரு வில்லை, உதாரணமாக 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின். வளையம் வந்தால் அதோடு நிறுத்தாமல், குழித்தட்டில் சாற்றின் அளவைக் குறைத்துக்கொண்டே போய், எந்த அளவு வரை பாக்டீரியாவைத் தடுக்கிறது என்று பாருங்கள். கச்சாச் சாறு மி.லி.க்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்தால் தொடரலாம், 1,000க்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். மனித உயிரணுக்கள் மீதும் சோதித்துவிடுங்கள். எல்லாவற்றையும் கொல்லும் விஷம் மருந்தாகாது. உங்கள் பாதுகாப்பும் முக்கியம். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸின் வித்துகள் நுரையீரலில் இறங்கும். காய்ந்த தட்டை உயிர்ப்பாதுகாப்புப் பெட்டிக்கு வெளியே திறக்கவே கூடாது. வீட்டு அடுக்களையில் இந்த வேலையை யாரும் செய்ய வேண்டாம்.

இது உண்மையில் பூஞ்சை செய்ததுதானா என்ற சந்தேகம் பெரிய ஆட்களுக்கும் வேண்டும் என்பதற்கு டாக்சால் நல்ல சாட்சி. யூ மரத்திலிருந்து எடுக்கும் புற்றுநோய் மருந்து அது. 1993இல் அந்த மரத்துக்குள் வாழும் டாக்சோமைசிஸ் ஆன்ட்ரியனே என்ற பூஞ்சையே டாக்சால் செய்கிறது என்று அறிவித்தார்கள். மரத்தை வெட்டவே தேவையில்லை என்று உலகமே சந்தோஷப்பட்டது. 20 வருடம் கழித்து, 2013இல், அந்தப் பூஞ்சையின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் டாக்சாலைத் தானே செய்யும் வழி அதில் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள்.

பாக்டீரியாவைத் தடுக்கும் செயல் உறுதியானதும் முதலில் கேட்க வேண்டியது, இது பழைய சேர்மமா என்பதுதான். சேர்மங்களைப் பிரிக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியோடு, மூலக்கூறின் நிறையைக் காட்டும் நிறை அலைமாலை எடுத்து, தரவுத்தளத்தில் ஒப்பிடுங்கள். சிட்ரினின், கோஜிக் அமிலம், கிரிசியோஃபுல்வின் எல்லாம் திரும்பத் திரும்ப வரும். பழையது என்றதும் மனம் உடைந்துபோகாதீர்கள். மைக்கோஃபெனாலிக் அமிலத்தை 1893லேயே இத்தாலியில் பார்டோலோமியோ கோசியோ ஒரு பெனிசிலியத்திலிருந்து எடுத்தார். நூறு வருடம் கழித்து அதன் வழிவந்த மருந்து, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

புதியதாகத் தெரிந்தால், சிலிக்கா குழாயில் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மறுபடி பாக்டீரியாவில் சோதித்து, செயல் எந்தப் பகுதியில் போகிறதோ அதன் பின்னால் போங்கள். கடைசியில் சில மில்லிகிராம் சுத்தமாகக் கிடைத்தால் என்.எம்.ஆர். அலைமாலை எடுக்கலாம், அதை வைத்து மூலக்கூறின் அமைப்பை வரையலாம். அங்கே வேதியியலாளர்களிடம் ஒப்படைத்துவிடுவேன், அது அவர்கள் வித்தை.

அந்தத் தங்கச்சி இரண்டாம் முறை கொண்டு வந்த இலைகளில் அழுத்தி எடுத்த தட்டு சுத்தமாக இருந்தது. அதில் வந்த 23ஆம் எண் பூஞ்சை இன்றைக்கு அரிசியில் 18ஆம் நாள், அடிப்பக்கம் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கிறது. அதே அலமாரியில், பக்கத்திலேயே, ‘வெறும் அரிசி’ என்று அவள் கைப்பட எழுதி ஒட்டிய ஃபிளாஸ்கும் இருக்கிறது.