ஈஈப்ராமில் எழுதும்போது பக்க எல்லையைக் கவனியுங்கள்

ஐ2சி பஸ்ஸில் (சிப்புகள் இரண்டே வயரில் பேசிக்கொள்ளும் முறை) இணைக்கும் 24எல்சி256 போன்ற ஈஈப்ராம் சிப்பில் (மின்சாரம் போனாலும் தரவு அழியாத நினைவகம்) எழுதிய தரவு, திரும்பப் படிக்கும்போது குழம்பியிருக்கிறதா? வயரிங்கைச் சந்தேகப்படும் முன் பக்க எல்லையைப் பாருங்கள்.

இந்தச் சிப்பின் நினைவகம் பக்கங்களாகப் பிரிந்திருக்கும்; ஒரு பக்கம் 64 பைட். முகவரி 60-ல் தொடங்கி ஒரே மூச்சில் 10 பைட் அனுப்பினால், முதல் 4 பைட்டும் 60 முதல் 63 வரை சரியாகப் போய் உட்காரும். மீதி 6 பைட் அடுத்த பக்கத்துக்குப் போகாது; அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி, 0 முதல் 5 வரை ஏற்கெனவே இருந்ததை அழித்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் கொடுமை. எனவே எல்லை வரும் இடத்தில் தரவை இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். படிப்பதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அப்புறம், ஒவ்வொரு முறை எழுதி முடிக்கவும் சிப் அதிகபட்சம் 5 மில்லி செகண்ட் எடுக்கும். அதுவரை எந்தக் கட்டளைக்கும் பதில் தராது. கண்ணை மூடிக்கொண்டு டிலே போடுவதைவிட, சிப்பின் முகவரியை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பிப் பாருங்கள்; ஏசிகே (‘கிடைத்தது’ என்று சிப் தரும் பதில்) வந்ததும் அடுத்ததை எழுதலாம். எனக்கு இதுதான் பிடித்த வழி.

பழைய ஆர்டுயினோ ஊனோ போர்டில், ஐ2சி-க்கான ஒயர் லைப்ரரியின் பஃபர் (அனுப்பும் முன் தரவைச் சேர்த்து வைக்கும் இடம்) 32 பைட்தான். முகவரிக்கே 2 போய்விடும், ஆக ஒரு தடவைக்கு 30.

எதுவுமே பதிவாகவில்லையா? டபிள்யூபி பின் (எழுதுவதைத் தடுக்கும் பின்) ஹையில் இருக்கலாம். அப்போதும் சிப் ஏசிகே தரும், ஆனால் எழுதாது. அதைக் கிரவுண்டில் இணையுங்கள்.