ஏலியன், பிரிடேட்டர் மாரத்தான்: வரிசை போடும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்களும், பெங்களூரிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி தர்மபுரி பஸ் பிடிக்கிறவர்களும் ஒரே வீட்டில் கூடி விடிய விடியப் படம் பார்க்க வருஷத்துக்கு இரண்டு மூன்று சந்தர்ப்பம்தான் அமையும். பொங்கல் லீவு, ஆயுத பூஜை, இல்லையென்றால் யாராவது ஒருத்தர் கல்யாணத்துக்கு முந்தைய வாரம். அந்த ராத்திரிக்கு, விண்வெளிக் கொடூர ஜந்து வரும் ஏலியன், வேற்றுக்கிரக வேட்டைக்காரன் வரும் பிரிடேட்டர் என்ற ஹாலிவுட் தொடர்கள் இரண்டையும், இரண்டும் மோதிக்கொள்ளும் படங்களையும் சேர்த்து ஓட்டலாம் என்று குரூப்பில் ஒருத்தர் போடுவார். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்குவார்கள். அப்புறம் நடக்கிற சொதப்பல்களில் பாதிக்கு மேல் வரிசையில்தான் ஆரம்பிக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு கணக்கு. 2024 வரை தனியாக வந்த ஏலியன் படங்கள் 7, பிரிடேட்டர் படங்கள் 5, மோதல் படங்கள் 2. மொத்தம் 14. எல்லாவற்றையும் முதலில் வெளிவந்த நீளத்திலேயே கூட்டினால் சுமார் 26 மணி நேரம். சனிக்கிழமை காலை 8 மணிக்கு முதல் படத்தைப் போட்டு, ஒருத்தரும் பாத்ரூம்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தால் ஞாயிறு காலை 10 மணிக்கு முடியும். 2025-ல் வந்த பிரிடேட்டர் படங்களான 'கில்லர் ஆஃப் கில்லர்ஸ்' (அனிமேஷன்), 'பேட்லேண்ட்ஸ்', 8 பகுதி கொண்ட 'ஏலியன்: எர்த்' தொடர் ஆகியவை இந்தக் கணக்கில் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்ப்பது என்ற பேச்சை இங்கேயே விட்டுவிடலாம்.

கதை நடக்கும் ஆண்டுப்படி அடுக்குவது

பெரிய தவறு இதுதான். தேடினால் முதலில் கிடைப்பதும் இந்தப் பட்டியல்தான். 1719-ல் நடக்கும் 'ப்ரே' முதலில். பிறகு 1987 'பிரிடேட்டர்', 1997-ல் நடக்கும் 'பிரிடேட்டர் 2', 2004-ல் நடக்கும் 'ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர்', அப்படியே போய் 2093-ல் 'ப்ரொமீதியஸ்', 2104-ல் 'கவனன்ட்', 2122-ல் 1979-ல் எடுத்த முதல் 'ஏலியன்'. பார்க்க ரொம்ப ஒழுங்காக இருக்கும். அந்த ஒழுங்குதான் முதல் படத்தைக் காலி பண்ணுகிறது.

ரிட்லி ஸ்காட்டின் முதல் 'ஏலியன்' நமக்கு எதுவுமே தெரியாது என்பதை நம்பி எடுத்த படம். முட்டைக்குள் என்ன இருக்கிறது, முகத்தில் ஒட்டிக்கொண்டது என்ன செய்கிறது, அடுத்தது என்ன வடிவத்தில் வரும் என்பது கப்பலில் இருக்கும் ஏழு பேருக்கும் தெரியாது, பார்க்கிற நமக்கும் தெரியாது. சுவிஸ் ஓவியர் எச். ஆர். கீகர் வடிவமைத்த அந்த உருவத்தை முழுசாகக் காட்டும் நேரம் மிகக் குறைவு. நைஜீரியாவைச் சேர்ந்த பொலாஜி படேஜோ என்ற, ஏழடியை நெருங்கும் உயரமுள்ள ஒருத்தரை அந்த உடைக்குள் நிறுத்தி, கை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் என்று இருட்டில் துண்டு துண்டாகக் காட்டியிருப்பார்கள். 2004-ல் வந்த மோதல் படத்தை முதலில் பார்த்துவிட்டு வந்தவருக்கு இதில் என்ன மிச்சம்? அதில் அந்த ஜந்து கூட்டம் கூட்டமாக வந்து அடிவாங்கிச் சாகிறது. முகத்தில் ஒட்டியதிலிருந்து நெஞ்சைப் பிளந்துகொண்டு வருவதற்கு அங்கே கொஞ்ச நேரம்தான் ஆகிறது. முதல் படத்திலோ அந்த ஆள் கண் விழித்து, சிரித்துப் பேசி, எல்லோரோடும் சாப்பிட உட்கார்கிற அளவுக்கு அவகாசம் உண்டு. பயமே அந்த அவகாசத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று, அந்த ஆண்டுப் பட்டியல் தனக்குள்ளேயே ஒத்துவராது. இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் வேலண்ட் கம்பெனிக்கு 2004 படத்தில் முதலாளி சார்ல்ஸ் பிஷப் வேலண்ட். 'ப்ரொமீதியஸில்' அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் பீட்டர் வேலண்ட் என்ற வேறொருத்தர். மோதல் படங்கள் நடந்ததாகவே ஸ்காட் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் ஒரே கோட்டில் மாட்டிப் பார்த்தால், நடுராத்திரியில் "யார்றா இந்த வேலண்ட்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வெளிவந்த வரிசையில் போனால் இது அப்படியே தலைகீழாக மாறும். 1986-ல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த 'ஏலியன்ஸில்' பிஷப் என்ற ஆண்ட்ராய்டாக (மனித உருவ ரோபோவாக) வருபவர் லான்ஸ் ஹென்ரிக்சன். 2004 படத்தில் அதே முகத்தைத்தான் முதலாளியாகக் கொண்டுவந்தார்கள், பெயரின் நடுவில் பிஷப்பையும் சொருகினார்கள். முன்னால் 'ஏலியன்ஸ்' பார்த்தவர்களுக்கு அந்த முகம் திரையில் வந்ததுமே சிரிப்பு வரும், பார்க்காதவர்களுக்கு அவர் யாரோ ஒரு பெரியவர். மோதல் படம் ஒரு தொகுப்பு மாதிரி. முன்னால் பார்த்ததற்கெல்லாம் கைகாட்டிக்கொண்டே போகும், அதனால் அது கடைசியில்தான் வர வேண்டும்.

'பிரிடேட்டர் 2'-ஐ வெட்டிவிடுவது

நேரம் போதாதபோது எல்லோரும் முதலில் கத்தி வைப்பது இதன் மேல்தான். சுமாரான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் கடைசிப் பகுதியில் வேட்டைக்காரனின் கப்பலுக்குள் ஒரு மண்டையோட்டு அலமாரி வரும். அதில் நீளமான ஏலியன் மண்டை ஒன்று இருக்கும். படத்தில் அதைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். சினிமாவில் இரண்டு உலகமும் முதன்முதலாக ஒட்டிக்கொண்டது 1990-ல், அந்த அலமாரியில்தான். (மோதல் யோசனையே அங்கேதான் பிறந்தது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். டார்க் ஹார்ஸ் காமிக்ஸ் 1989-லேயே அதை ஆரம்பித்துவிட்டது.) அதே படத்தின் முடிவில் 1715 என்று பொறித்த ஒரு பழைய கைத்துப்பாக்கி வருகிறது. 2022-ல் வந்த 'ப்ரே' படம் அந்தத் துப்பாக்கிக்கு ஒரு முன்கதை கொடுத்தது. 'பிரிடேட்டர் 2' பார்த்துவிட்டு 'ப்ரே' பார்த்தால்தான் அந்தக் காட்சி உறைக்கும். முழுப்படத்துக்கு நேரமில்லையா? கடைசி இருபது நிமிடத்தையாவது ஓட்டுங்கள்.

ஒரு ராத்திரிக்கு என் வரிசை இது: 'ஏலியன்', 'ஏலியன்ஸ்', 'பிரிடேட்டர்', 'பிரிடேட்டர் 2', கடைசியில் 'ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர்'. ஐந்தும் சேர்ந்து ஒன்பதரை மணி நேரம். இடையிடையே கால்மணி நேரம் விட்டால், மாலை 6 மணிக்கு ஆரம்பித்து விடிகாலை நாலரைக்கு முடியும். இதில் ஒரு வசதி உண்டு. இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வருகிறவர் பதினோரு மணி வாக்கில் வந்து சேர்ந்தால், 'பிரிடேட்டர்' ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அதற்கு முன்கதை எதுவும் வேண்டாம், காட்டுக்குள் கூலிப்படை போகிறது என்று ஒரே வரியில் சொல்லி உட்கார வைத்துவிடலாம். முதல் 'ஏலியன்' மெதுவான படம் என்பதால் எல்லோரும் தெளிவாக இருக்கும் நேரத்தில் போய்விட வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு அதைப் போட்டால் பெரிய காட்சி வருவதற்குள் ஹாலே குறட்டையில் மூழ்கிவிடும். அந்த நேரத்துக்கு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுவர்கள் இடம்மாறும், பனிக்கு அடியில் புதைந்த பிரமிடும் அடிதடியும் வரும் 'ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர்'தான் சரி. அதில் 'ஏலியன்' தந்த பயத்தை எதிர்பார்க்காதீர்கள். இந்த ஐந்தில் மற்ற நான்கும் அமெரிக்காவில் பெரியவர்களுக்கான ஆர் சான்றிதழோடு வந்தபோது, இது மட்டும் அதைவிட மென்மையான பிஜி-13 வாங்கியது. ரத்தம் குறைவு, சத்தம் அதிகம்.

2024-ல் வந்த 'ஏலியன்: ரோமுலஸ்' கதைப்படி முதல் இரண்டு ஏலியன் படங்களுக்கு நடுவில் வருவதால் அதை அங்கே நுழைக்கச் சொல்லி யாராவது நச்சரிப்பார்கள். நுழைக்காதீர்கள். முதல் படத்து ஆண்ட்ராய்டின் முகத்தையும், 'ப்ரொமீதியஸின்' கறுப்புத் திரவத்தையும், பழைய வசனங்களையும் எடுத்து வைத்து விளையாடும் படம் அது. 'ப்ரொமீதியஸ்', 'கவனன்ட்' இரண்டோடும் சேர்த்து இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். 'பேட்லேண்ட்ஸ்' பற்றியும் ஒரு வார்த்தை: அதில் வேலண்ட்-யுடானி கம்பெனி தயாரித்த ஆண்ட்ராய்டு வருகிறது என்று கேள்விப்பட்டு, அடுத்த மோதல் படம் என்று நினைத்து உட்கார்கிறார்கள். அதில் ஏலியன் கிடையாது.

பெயரிலும் பதிப்பிலும் ஏமாறுவது

'பிரிடேட்டர்' 1987, 'பிரிடேட்டர்ஸ்' 2010, 'தி பிரிடேட்டர்' 2018. 'ஏலியன்', 'ஏலியன்ஸ்' கதையும் இதேதான். பென்டிரைவ் கொண்டுவருகிறவரிடம் ஆண்டையும் இயக்குநரையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2007-ல் 'ஏலியன் வெர்சஸ் ஹண்டர்' என்று மலிவு நகல் ஒன்றும் வந்திருக்கிறது. பெயர் ஓட்டத்தில் அதை எடுத்து வந்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

பதிப்பு விஷயம் நேரத்தோடு நேரடியாக மோதும். 'ஏலியன்ஸ்' தியேட்டரில் 137 நிமிடம், சிறப்புப் பதிப்பு 154. 'ஏலியன் 3' தியேட்டரில் 114, அசெம்ப்ளி கட் என்ற நீண்ட பதிப்பு 145. முதல் 'ஏலியனின்' இயக்குநர் பதிப்பு மட்டும் தியேட்டர் பதிப்பைவிடச் சற்றுக் குறைவு. முதல்முறை பார்க்கிறவர்கள் கூட்டத்தில் இருந்தால் 'ஏலியன்ஸுக்கு' தியேட்டர் பதிப்பே போதும். நீண்ட பதிப்பு அந்தக் குடியிருப்பில் என்ன நடந்தது என்பதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது, வீரர்கள் காலி வீடுகளுக்குள் நுழையும்போது இருக்க வேண்டிய படபடப்பு குறைந்துவிடும். 'ஏலியன் 3' மட்டும் நீண்ட பதிப்பில்தான் கொஞ்சமாவது தேறும்.

இந்தப் படங்களை எடுத்த ஃபாக்ஸ் 2019-ல் டிஸ்னி கைக்குப் போனதால், எல்லாம் ஒரே ஆப்பில் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். அது மாறிக்கொண்டே இருக்கும். முந்தைய நாளே ஒவ்வொன்றையும் தேடி, தமிழ் ஆடியோ இருக்கிறதா, சப்டைட்டில் வருகிறதா என்று கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள்.

மொட்டை மாடியில் புரொஜெக்டர்

காதல் படத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் சரி. இந்தப் படங்கள் பெரும்பாலும் இருட்டு. புரொஜெக்டர் கறுப்பை வீசாது, வெளிச்சத்தை மட்டும்தான் வீசும். சுவரில் தெருவிளக்கு பட்டால் அந்தச் சாம்பல்தான் உங்கள் கறுப்பு, ஏலியன் அதற்குள் காணாமல் போய்விடும். ஜனவரியில் ஓசூர்ப் பனியில் மாடியில் உட்காரவும் முடியாது. ஜன்னலை மூடிய அறையில் நல்ல டிவிதான் சரியான வழி. 2007-ல் வந்த இரண்டாவது மோதல் படமான 'ரெக்வியம்', 2004 படம் முடிந்த இடத்திலிருந்து தொடங்கும், அதைத் தொடர்ந்து பார்க்க ஆசை வரும். ஆனால் அது இருட்டாக இருப்பதற்கே பேர் வாங்கிய படம், பகலில் பார்க்க முயற்சியே வேண்டாம். பிரசவ வார்டில் ஒரு மோசமான காட்சியும் உண்டு. வீட்டில் கர்ப்பிணியோ குழந்தைகளோ இருந்தால் அதைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள்.

சாப்பாடு: பிரியாணியை ஒன்பது மணிக்கு இறக்கினால் பதினொன்றரைக்குப் பாதிப் பேர் அவுட். சனிக்கிழமை ராத்திரிக்கு வேகவைத்த நிலக்கடலை, சீசன் இருந்தால் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய கிளிமூக்கு மாங்காய், நிறைய டீ. இவை தூக்கம் வரவைக்காது. முதல் 'ஏலியனில்' எல்லோரும் மேசையைச் சுற்றிச் சாப்பிடும் காட்சி படத்தின் பாதியை நெருங்கும்போது வரும், அந்த நேரத்தில் மட்டும் தட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

கரண்ட்டைப் பொறுத்தவரை, பராமரிப்பு மின்தடை அறிவிப்பு பகலுக்குத்தான் வரும், ராத்திரிக்காரர்களுக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் மழைக்காலத்தில் மூன்று மணிக்குப் போனால் இன்வெர்ட்டரில் டிவி, வைஃபை பெட்டி இரண்டு மட்டும் ஓட விட்டு, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஆப்பிலேயே டவுன்லோட் செய்து வைத்த ஃபோன் ஒன்று பக்கத்தில் இருந்தால் நெட் போனாலும் கடைசிப் படத்தை முடித்துவிடலாம்.