சைக்கிள் முன்விளக்கு வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

ஆன்லைனில் சைக்கிள் லைட் என்று தேடினால் 1000 லூமன், 3000 லூமன், 10000 லூமன் என்று எண்கள் வரிசைகட்டி நிற்கும். பெரும்பாலோர் அந்த எண்ணையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். ஆனால் தெருவிளக்கு இல்லாத சாலையில் உங்களுக்கு வேண்டியது, வெளிச்சம் சரியான இடத்தில் விழுவதும் வீடு சேரும்வரை அணையாமல் இருப்பதும்தான். இந்த இரண்டையும் அந்த எண் சொல்வதில்லை.

லூமன் என்பது லைட்டிலிருந்து வெளியேறும் மொத்த வெளிச்சம். அதில் எவ்வளவு சாலையில் விழுகிறது, எவ்வளவு புளியமரக் கிளைக்குப் போகிறது என்பது வேறு கணக்கு. ஓர் இடத்தில் வந்து விழும் வெளிச்சத்தை அளப்பது லக்ஸ். 400 லூமனை ஒழுங்காகத் தார்ச்சாலையில் இறக்கும் லைட், 1000 லூமனை நாலாபக்கமும் இறைக்கும் லைட்டைவிட மேலானது. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

சரி, அந்த எண்ணாவது உண்மையா? கொஞ்சம் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். பல சைக்கிள் லைட்டுகளில் இருப்பது 18650 என்கிற லித்தியம் செல். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். நல்ல தரமான செல்லிலேயே சுமார் 3500 எம்ஏஎச்தான் அடங்கும். அதன் மேல் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் பொய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 3500 எம்ஏஎச், 3.6 வோல்ட் என்றால் 12.6 வாட்-மணி. ஒரு நல்ல எல்இடி லைட் ஒரு வாட்டுக்கு 100 லூமன் வாக்கில் தரும். அதாவது ஒரு செல் போட்ட லைட் 400 லூமனை மூன்று மணி நேரம் தரலாம், இல்லை 1200 லூமனை ஒரு மணி நேரம் தரலாம். ஒற்றைச் செல்லில் ‘3000 லூமன், 8 மணி நேரம்’ என்று விற்பவரிடம் வாங்காதீர்கள். செல்லைக் கழற்ற முடிந்தால் எடைபோட்டும் பார்க்கலாம். நல்ல 18650 செல் 45 கிராமுக்குக் கீழே வருவது அரிது. கையில் எடுத்தால் காற்றடைத்த மாதிரி இருக்கும் செல்லை நம்பி ராத்திரிப் பயணம் வேண்டாம்.

‘100 மீட்டர் வரை பாயும்’ என்பது அடுத்த ஏமாற்றம். இது பொய்யாக இருக்க வேண்டியதே இல்லை. நாம்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். டார்ச் லைட்டுகளுக்கான எஃப்எல்1 என்கிற தர அளவீட்டில், வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்வரை பாய்ச்சல் தூரம் என்று கணக்கு. 0.25 லக்ஸ் என்பது கிட்டத்தட்டப் பௌர்ணமி நிலவின் வெளிச்சம். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். ஆகவே 100 மீட்டர் லைட் 25 மீட்டரில் 4 லக்ஸ் தரும். அதுவும் எதிரே செங்குத்தாக நிற்கும் சுவருக்கு. சாலையோ தரையோடு படுத்துக் கிடக்கிறது, வெளிச்சம் அதைச் சாய்வாக உரசிக்கொண்டுதான் போகும். அதனால் சாலையில் விழுவது அதில் ஒரு சிறு பங்குதான்.

அப்படியானால் எவ்வளவு தூரம் தெரிந்தால் போதும்? 25 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் கடக்கிறீர்கள். பள்ளத்தைக் கண்ணால் பார்த்து, மூளைக்கு எட்டி, விரல் பிரேக்கை அழுத்துவதற்குள் ஒன்றரை நொடி போய்விடும். அதற்குள் 10 மீட்டர் தாண்டியாயிற்று. அப்புறம் காய்ந்த தார்ச்சாலையில் நிற்க இன்னும் 6 மீட்டராவது வேண்டும். மணல் கிடந்தாலோ மழை பெய்திருந்தாலோ அதற்கும் மேல். ஆக, 25 முதல் 30 மீட்டர் வரை சாலை தெளிவாகத் தெரிய வேண்டும். மலிவான சின்ன லைட்டுகள் 8, 10 மீட்டருக்குமேல் எதையும் காட்டுவதில்லை. அவற்றை வைத்துக்கொண்டு வேகமாகப் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு போவதற்குச் சமம்.

வெளிச்சத்தின் வடிவத்தைக் கவனிக்காமல் விடுவது

இது பலரும் யோசித்தே பார்க்காத விஷயம், ஆனால் இதுதான் முக்கியம். சாதாரண டார்ச் மாதிரியான லைட் வட்டமாக வெளிச்சம் அடிக்கும். வட்டத்தின் கீழ்ப்பாதி சாலையில் விழும். மேல்பாதி எதிரே பைக் ஓட்டி வருகிறவரின் கண்ணில் விழும். அவர் கண் கூசித் தடுமாறினால் முதல் அடி உங்களுக்குத்தான். பஸ்காரர் ஹை பீமை இறக்கவில்லை என்று கோபப்படுகிற நாமே 1000 லூமன் டார்ச்சை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு போகிறோம்.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. காரின் டிம் லைட்டைப் போல, ஒரு கோட்டுக்கு மேலே வெளிச்சம் போகாமல் வெட்டிவிடும் லைட்டுகள் சைக்கிளுக்கும் உண்டு. ஜெர்மனியின் எஸ்டிவிஇசட்ஓ (StVZO) சாலை விதி இத்தகைய லைட்டுகளைத்தான் அனுமதிக்கிறது. அதனால் அந்த ஊர்க்காரர்கள் தயாரிக்கும் லைட்டுகளில் மேல்விளிம்பு கத்தியால் சீவியதுபோல் இருக்கும். வெளிச்சம் முழுக்கச் சாலையில் அகலமாக, நீளமாக விரியும். லூமன் எண் குறைவாகத் தெரிந்தாலும் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் புரியும். வாங்கும்போது விவரக்குறிப்பில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மேலே வெளிச்சம் போகாததால் தாழ்ந்து தொங்கும் கிளையும் கேபிள் டிவி வயரும் தெரியாது. காட்டுப்பாதையில் ஓட்டுபவர்களுக்கு வட்ட வெளிச்சம்தான் சரி.

எங்கே மாட்டுகிறோம், எந்தக் கோணத்தில்

நம் ஊர்ச் சாலையின் பெரிய எதிரி வெள்ளை அடிக்காத வேகத்தடை. பகலிலேயே கண்ணுக்குத் தப்பிவிடும். ராத்திரியில் அதைக் காட்டிக்கொடுப்பது வெளிச்சம் மட்டும் இல்லை, நிழலும்தான். ஹேண்டில்பாரிலோ அதற்கும் கீழே, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலோ லைட் இருந்தால், வேகத்தடையின் இந்தப் பக்கம் பளிச்சென்று தெரியும், அந்தப் பக்கம் கறுப்பாக ஒரு பட்டை விழும். குழியிலும் அப்படித்தான், விளிம்புக்கு உள்ளே நிழல் தேங்கி நிற்கும். அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் மேடும் பள்ளமும் நமக்குப் புரிகின்றன. லைட்டை ஹெல்மெட்டில் மட்டும் மாட்டினால் அது கண்ணுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. நிழல் விழாமல் இல்லை, ஆனால் நம் பார்வைக்கு அது மறைந்துவிடும். சாலை முழுவதும் தட்டையாகத் தெரியும். ஹெல்மெட் லைட் வளைவுகளில் உதவும். அதை இரண்டாவது லைட்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரே லைட்டாக வேண்டாம். மார்கழிப் பனியில் அது இன்னும் மோசம், கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரை கட்டிவிடும்.

முன்கூடை வைத்த சைக்கிளில் ஹேண்டில்பாரில் லைட்டை மாட்டினால் பாதி வெளிச்சம் கூடைக்குள் இருக்கிற சாப்பாட்டுப் பைக்குத்தான். அந்தச் சைக்கிளில் கூடைக்கு முன்னாலோ ஃபோர்க்கிலோதான் மாட்ட வேண்டும். இன்னொன்று: வேகமும் தூரமும் காட்டும் சைக்கிள் கம்ப்யூட்டருக்குக் கீழே லைட்டைத் தலைகீழாகத் தொங்கவிடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. வட்ட வெளிச்சத்துக்கு அதனால் பாதகம் இல்லை. மேல்விளிம்பு வெட்டிய லைட்டைத் தலைகீழாக மாட்டினால், சாலைக்குப் போக வேண்டியதெல்லாம் வானத்துக்குப் போகும். தலைகீழாக மாட்டுவதற்கென்றே செய்த லைட்டாக இருந்தால் ஒழிய அப்படிச் செய்யாதீர்கள்.

கோணத்தை வீட்டிலேயே சரிபார்க்கலாம். சுவருக்கு 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்தி, நீங்கள் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள். லைட் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். வட்ட வெளிச்சம் என்றால் அதன் பிரகாசமான நடுப்பகுதி அந்தக் கோட்டிலிருந்து முப்பது சென்டிமீட்டராவது கீழே விழ வேண்டும். மேல்விளிம்பு வெட்டிய லைட் என்றால் அந்த விளிம்பு கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் போதும். அதற்குப் பிறகு லைட்டைக் கையால் ஒரு தட்டுத் தட்டுங்கள். ரப்பர் பட்டையில் கட்டியது நகர்ந்தால், முதல் குழியிலேயே அது உங்கள் முன்சக்கரத்தைப் பார்த்துத் தலைகுனிந்துவிடும். ஸ்க்ரூ வைத்து இறுக்கும் மவுண்டாகப் பார்த்து வாங்குவது நல்லது. ஹேண்டில்பாரின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். ரோடு பைக் வகைச் சைக்கிள்களில் நடுப்பகுதி பெரும்பாலும் 31.8 மி.மீ. இருக்கும், சாதாரண சைக்கிளில் அதைவிட ஒல்லி.

மின்னிமின்னி எரியவிடுவதும் தவறுதான். பகலில் கவனத்தை ஈர்க்க அது உதவும். இருட்டில், ஒரு லைட் மட்டும் விட்டுவிட்டு எரிந்தால் நீங்கள் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறீர்கள் என்று எதிரே வருபவரால் கணிக்க முடியாது. உங்களுக்கும் சாலை துண்டுதுண்டாகத்தான் தெரியும். ஜெர்மனியில் மின்னும் முன்விளக்குக்குத் தடையே இருக்கிறது.

நேரக் கணக்கில் ஏமாறுவது

பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு எந்தப் பிரகாசத்துக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் அது மிகக் குறைந்த அளவுக்கோ மின்னும் நிலைக்கோ உரியதாக இருக்கும். முழுப் பிரகாசத்துக்கு என்று போட்டிருந்தாலும், எஃப்எல்1 கணக்குப்படி வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை நேரம் எண்ணப்படும். 600 லூமன் லைட் 60 லூமனுக்கு இறங்கினாலும் அந்தக் கணக்கில் அது இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே, உங்களுக்கு வேண்டிய நேரத்தைப்போல ஒன்றரை மடங்காவது தாங்கும் லைட்டை வாங்குங்கள்.

ஐரோப்பியர்கள் எழுதும் லைட் விமர்சனங்களில் இரண்டு, மூன்று மணி நேரம் போதும் என்று படிக்கலாம். அவர்களுக்குக் கோடையில் இரவு குறுகியது. தமிழ்நாட்டில் சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் இருட்டிவிடும். ஆண்டு முழுக்க இரவு பதினோரு, பன்னிரண்டு மணி நேரம். பிரவே என்கிற, கெடு வைத்த நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தில் 400 கி.மீ. ஓட்டுபவர்களுக்குக் கெடு 27 மணி நேரம், நடுவில் ஒரு முழு இரவு வந்தே தீரும். அவர்கள் செல்லைக் கழற்றி மாற்றக்கூடிய லைட்டையோ, பவர்பேங்க்கில் செருகியபடியே எரியும் லைட்டையோ எடுக்க வேண்டும். சில லைட்டுகள் சார்ஜ் ஏறும்போது எரியாது. வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மழைக்கு, தண்ணீர் தெறித்தால் தாங்கும் ஐபிஎக்ஸ்4 (IPX4) தரம் போதும். சார்ஜ் துளையை மூடும் ரப்பர் இறுக்கமாக உட்காருகிறதா என்பதை மட்டும் கையால் அழுத்திப் பாருங்கள்.

எந்த லைட் என்று என்னைக் கேட்டால், தெருவிளக்கு உள்ள நகரச் சாலையில் மட்டும் போகிறவருக்கு 200 லூமன் தாராளம். மிச்சப் பணத்தில் பின்னால் ஒரு நல்ல சிவப்பு லைட் வாங்கச் சொல்வேன். வேலை முடிந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கிராமத்துச் சாலையில் வீடு திரும்புகிறவருக்கு 400 முதல் 600 லூமன், மேல்விளிம்பு வெட்டியது, யூஎஸ்பி-சி சார்ஜ். இரவு முழுக்க ஓட்டுகிறவர் அதே லைட்டோடு மாற்றுச் செல் ஒன்றும், சட்டைப் பையில் சின்னதாக இன்னொரு லைட்டும் வைத்துக்கொள்ளட்டும். பெரிய லைட் அணைந்தால் அடுத்த டீக்கடை வரை மெதுவாகப் போய்ச்சேர அது போதும்.