பென்ஷன் விதி மாறும்போது நாம் செய்யும் தவறுகள்

மாதாமாதம் எங்கள் சங்க அறைக்குப் புதிதாக ஓய்வுபெற்றவர்கள் இரண்டு மூன்று பேர் வருவார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் பி.பி.ஓ. எனும் பென்ஷன் ஆணையின் நகல், பாஸ்புக். "இ.பி.எஸ்-95 விதியை மறுபடி மாத்தப் போறாங்களாமே, நாம என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். இ.பி.எஸ்-95 என்பது பி.எஃப். கட்டும் தொழிலாளர்களுக்கான 1995-ஆம் வருடத்துப் பென்ஷன் திட்டம். பத்து நிமிடம் பேசினால் போதும், நான் பண்ணிய அதே தப்பைப் பண்ணக் கிளம்பியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். உயிர்வாழ் சான்று கொடுக்க மறப்பது, ஆதாரில் பெயர் ஒத்துப்போகாதது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அதையெல்லாம் கவுண்டரிலேயே சொல்லிவிடுவார்கள்.

வாயால் கேட்டு, வாயாலேயே பதில் வாங்கித் திரும்புவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

மில்லில் என்னோடு டைம் ஆபீஸில் இருந்த நண்பர் 2013-ல் ஓய்வுபெற்றார். அவருக்கு முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடித்தார்கள். பென்ஷன் நிதிக்கு மட்டும் அன்றைய உச்சவரம்பான 6,500 ரூபாயில் 8.33 சதவீதம், அதாவது மாதம் 541 ரூபாய்தான் போனது. முழுச் சம்பளத்துக்கும் பென்ஷன் நிதியில் கட்டலாம், முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து விருப்பம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று 1996-லேயே ஒரு விதி வந்திருந்தது.

ஓய்வுக்கு ஆறு மாதம் முன்னால் இருவருமாக பி.எஃப். அலுவலகம் போனோம். "அதுக்கெல்லாம் தேதி 2004-லயே முடிஞ்சு போச்சு சார்" என்றார் கவுண்டரில் இருந்தவர். நண்பர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த விண்ணப்பத்தை வெளியே எடுக்கவே இல்லை. கூடப் போன நானும் எடுக்கச் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டு பஸ் ஏறினோம்.

அப்படி ஒரு கடைசித் தேதியே கிடையாது என்று 2016-ல் ஆர்.சி. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நண்பருக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு 2022 நவம்பர் 4-ல் இன்னொரு தீர்ப்பு: 2014 செப்டம்பர் 1-க்கு முன்பு, விருப்பம் கொடுக்காமலே ஓய்வுபெற்றவர்களுக்கு இந்தப் பலன் இல்லை. ஆனால் விருப்பம் கொடுத்து, பி.எஃப். அலுவலகம் அதை நிராகரித்திருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று டிசம்பர் 29-ல் சுற்றறிக்கை வந்தது. 'முடியாது' என்று எழுத்தில் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு வாசல் திறந்தது. நண்பரிடம் இருந்தது மடிப்பில் கிழிந்த அந்த விண்ணப்பம்தான். ஒரு முத்திரைகூட இல்லை.

ஆகவே, நடக்காது என்று தெரிந்தாலும் தபால் பிரிவில் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மாட்டேன் என்றால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

நல்ல செய்தியோடு படிப்பதை நிறுத்திவிடுவது

2014 செப்டம்பர் 1 முதல் குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்றதும் சங்கத்தில் லட்டு கொடுத்தோம். அதே தேதியில் அமலான இன்னொரு அறிவிக்கையை நான் படித்தது பல மாதம் கழித்து. மேலே சொன்ன 1996 விதியை அது எடுத்துவிட்டது. பென்ஷன் கணக்கிடும் சம்பளத்தையும் கடைசி 12 மாதச் சராசரியிலிருந்து 60 மாதச் சராசரியாக்கிவிட்டது.

முழுச் சம்பளத்துக்கும் கட்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்கைக் கொஞ்சம் எளிமையாக்கியே சொல்கிறேன். பணிக்காலம் 26 வருடம், போனஸாகச் சேர்க்கும் வருடம் 2, ஆக 28. கடைசி 12 மாதச் சராசரி 40,000 என்றால், 28-ஆல் பெருக்கி 70-ஆல் வகுக்க 16,000 வரும். 60 மாதச் சராசரி 35,000 என்றால் 14,000தான். மாதம் 2,000 ரூபாய் போகிறது, ஆயுசு முழுக்க. லட்டுக்கு வசூல் பண்ணியது நான்தான்.

சர்வீஸில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விடுவது

பி.எஃப்., பென்ஷன் இரண்டையும் நடத்தும் இ.பி.எஃப்.ஓ.வின் மத்திய அறங்காவலர் குழுவில் தொழிலாளர் தரப்புக்கு 10 இடம், முதலாளி தரப்புக்கு 10, மாநிலங்களுக்கு 15 வரை, மத்திய அரசுக்கு 5 வரை. பென்ஷனருக்கென்று ஓர் இடமும் இல்லை. தொழிற்சங்கத்திலிருந்து போகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குச் சந்தா கட்டுகிறவர்கள் வேலையில் இருப்பவர்கள், நம் விஷயம் பேச்சின் கடைசியில்தான் வரும். அதனால் கூட்டத்துக்கு முன்பே அவர்கள் கையில் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள். எந்தப் பிரிவு, என்ன மாற்றம், ஒருவருக்கு எத்தனை ரூபாய் குறைகிறது, அவ்வளவுதான். நாங்கள் முதன்முதலில் கொடுத்தது 14 பக்கம். அதில் 'மாண்புமிகு'வுக்கே அரைப் பக்கம்.

சொந்தக் குறையையும் விதி மாற்றத்தையும் ஒரே மனுவில் எழுதுவது

எழுதாதீர்கள். உங்கள் சொந்த நிலுவைக்கு (அரியர்) ஒரு வரி பதில் போட்டு மொத்த மனுவையும் முடித்துவிடுவார்கள்.

குடும்பப் பென்ஷன் வாங்குகிறவர்களை மறப்பது

பென்ஷனர் இறந்தால் மனைவிக்குக் கிடைப்பது பாதி. அவர் தொகை குறைந்தால் இவர் தொகையும் குறையும். சங்கமோ இரங்கல் தீர்மானம் போட்ட கையோடு பேரேட்டில் அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிடும். போன வருஷம் வரை நாங்களும் அப்படித்தான். இப்போது அடித்த பெயருக்குக் கீழேயே மனைவியின் பெயரை எழுதுகிறோம். போன கூட்டத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். ஒரு அம்மா கணவரின் பழைய டிபன் பையைக் கொண்டுவந்திருந்தார். உள்ளே 1998-லிருந்து சம்பளச் சீட்டுகள், வருஷவாரியாக நூல் கட்டி. எங்கள் சங்க அலமாரியில்கூட அவ்வளவு காகிதம் கிடையாது.